சண்டை போட்டால் விடுகிற கை

என் மனைவி பார்சல் ஆபீஸில் பிரிக்கிற வேலை பார்க்கிறாள். பார்த்திராதவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. பெரிய கூடம், நடுவில் நீள மேஜை. மேஜையைச் சுற்றி அரை வட்டமாக இரும்புச் சட்டங்களில் வாயை விரித்துக்கொண்டு சாக்குகள் தொங்கும், பேட்டைக்கு ஒன்றாக. லாரியில் வந்த பொட்டலங்களை மேஜையில் கொட்டுவார்கள். அவள் ஒன்றை எடுப்பாள், விலாசத்தில் ஒரு பார்வை, வீசுவாள். நடந்து போய்ப் போட்டுக்கொண்டிருந்தால் பொழுதுக்குள் தீராது, அதனால் அங்கே எல்லோருமே வீசத்தான் வேண்டும். மற்றவர்கள் வீசினால் சிலது விளிம்பில் பட்டுத் தரையில் விழும். இவள் வீசி ஒன்று விழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கண்ணாடிச் சாமான் என்று ஒட்டியிருந்தால் அதைப் பூனை இறங்குவது மாதிரி சத்தமில்லாமல் சாக்குக்குள் இறக்கிவிடுவாள்.

அந்த ஆபீஸ் ஓய்வறையில், கேரம் மேஜைக்கு மேலே, யாரோ எப்போதோ மாட்டிவைத்த ஒரு டார்ட்ஸ் போர்டு தூசி படிந்து தொங்கியது. ஒருநாள் டீ குடிக்கும் நேரத்தில் எடை போடுகிறவர் விளையாட்டாக டார்ட் என்கிற ஊசிமுனைக் குட்டி அம்பு மூன்றை இவள் கையில் கொடுத்து, "எங்க, இதைப் போடு பார்ப்போம்" என்றாராம். போட்டாள். மூன்றும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றன. எடை போடுகிறவர் டீயை வைத்துவிட்டுப் போர்டுக்குப் பக்கத்தில் போய் மூக்கு படுகிற மாதிரி பார்த்தாராம். அன்றிலிருந்து ஆபீஸில் அவளுக்குப் பேர் 'சதக்'. பேர் வைத்தவர் அவர்தான். அந்தச் சத்தம் அவருக்கு அப்படிக் கேட்டிருக்கிறது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை நகராது. நான் குழாய் வேலை செய்கிறவன். எனக்கு வாய் ஓயாது. தரைக்கடியில் தலையை விட்டு வேலை செய்தாலும் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டேதான் செய்வேன். என் மனைவியும் இளைத்தவள் இல்லை. ஆனால் ஒரு விசேஷம், எத்தனை கோபம் வந்தாலும் 'நீங்க'வை விடமாட்டாள். "ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவுன்னு ஒண்ணு இருக்குங்களா?" என்பாள். மரியாதையோடு திட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் பிறந்துதான் வரவேண்டும். திட்டு ஆரம்பிக்கும் முன் அவளுடைய மோவாய் லேசாக மேலே ஏறும். அதைப் பார்த்ததும் நான் பதிலைத் தயார் செய்துகொள்வேன்.

விளையாட்டைப் புரியவைக்க இரண்டு வரி போதும். ஐந்நூற்று ஒன்றிலிருந்து ஆரம்பித்து, முறைக்கு மூன்று டார்ட்டாகப் போட்டுப் போட்டுக் குறைத்துக்கொண்டே பூஜ்யத்துக்கு வரவேண்டும். கடைசி டார்ட் மட்டும் போர்டின் விளிம்பில் ஓடுகிற ஒல்லியான வளையத்தில், 'டபுள்' என்பார்கள், அதில் குத்தினால்தான் ஆட்டம் முடியும். அந்த வளையத்தின் அகலம் என் சுண்டுவிரல் நகம்தான் இருக்கும். அங்கேதான் பெரிய பெரிய ஆட்களெல்லாம் மண்ணைக் கவ்வுவார்கள்.

இவள் கவ்வவில்லை. ஆபீஸ்களுக்கு இடையே நடந்த போட்டி, அப்புறம் பெரிய போட்டி, அப்புறம் அதைவிடப் பெரியது என்று ஒவ்வொன்றாக ஜெயித்துக்கொண்டு போனாள். கடைசியில் டார்ட்ஸ் சங்கச் செயலாளர் வீட்டுக்கே வந்து சொன்னார்: வெளிநாட்டில் நடக்கும் சர்வதேசப் போட்டிக்கு நம் நாட்டிலிருந்து போகிறவர்களில் இவளும் ஒருத்தி. ஆண்கள் தனி, பெண்கள் தனி என்பதெல்லாம் அங்கே கிடையாது, எல்லோர் பேரையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்குவார்கள், யாருக்கு யார் வேண்டுமானாலும் எதிராளியாக வரலாம். அதைக் கேட்டதும் இவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. "அப்ப ஆம்பளைங்களுக்கு ஆபத்துதான்" என்றாள்.

அதற்கப்புறம்தான் அந்தச் சனியன் வந்தது.

ஒரு சாயந்திரம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த போர்டில் பழகிக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கினாள். முழங்கை மடங்கியது, மணிக்கட்டு பின்னால் போய் முன்னால் வந்தது, டார்ட் மட்டும் போகவில்லை. மறுபடி பின்னால், மறுபடி முன்னால். விரல் பிரியவில்லை. ஏதோ விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவள் நெற்றியில் வியர்வையைப் பார்த்தேன். "கை விட மாட்டேங்குதுங்க" என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி.

டாக்டர் நரம்பைப் பார்த்தார், எலும்பைப் பார்த்தார், எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். இந்த ஆட்டக்காரர்களுக்கு இப்படி ஒன்று வருவது உண்டாம். ஏன் வருகிறது என்று தெரியாதாம், சிலருக்குப் போகவே போகாதாம். செயலாளர்தான் மெதுவாக என்னிடம் சொன்னார். நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டில் நாங்கள் செய்த முதல் காரியம் வாயை மூடியது. கவனம் சிதறுவதால்தான் இப்படி ஆகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். போர்டுக்கு எதிரே தரையில் கிழித்த கோட்டில் அவள் வந்து நின்றால் டிவி அணைந்துவிடும். மகள் கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு நடப்பாள். குக்கர் விசில் போடக்கூடாதென்று அடுப்பை அணைத்துவிட்டு நானே காவல் நிற்பேன். நான், மூச்சுக்கு முந்நூறு வார்த்தை பேசுகிறவன், பூட்டுப்போட்ட கடை மாதிரி உட்கார்ந்திருப்பேன். அந்த அமைதியில் அவள் கை தூக்கியபடியே நிற்கும். நிமிஷக் கணக்கில் நிற்கும். பிறகு டார்ட்டைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். மாதங்கள் போயின. இவள் சிரித்து நான் பார்க்கவில்லை. சண்டையும் இல்லை. சண்டை இல்லாத வீடு எவ்வளவு பயங்கரமானது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒருநாள் என் வேலைக்கு ஒரு மோட்டார் பார்சலில் வரவேண்டியிருந்தது. அவசரம் என்று நானே அவள் ஆபீஸுக்குப் போனேன். கூடத்து வாசலிலேயே அவள் குரல் கேட்டது.

"தராசு உங்க மாமியாருதா? அதுல ஏன் சோத்து டப்பாவ வைக்கிறீங்க?"

"வச்சா என்ன, தேஞ்சா போயிடும்?" என்றார் எடை போடுகிறவர்.

"தேயாதுங்க, நாறும். போன வாரம் பூரா பார்சல்ல மீன் வாடை. வாங்குனவங்க என்ன நெனச்சிருப்பாங்க?"

இவ்வளவும் பேசும்போது அவள் கை வீசிக்கொண்டே இருந்தது. எடுக்கிறாள், பார்க்கிறாள், வீசுகிறாள். ஒவ்வொரு பொட்டலமும் விரலை விட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் பறக்கிறது. மணிக்கட்டு அதே மணிக்கட்டு. விரல் அதே விரல். நான் மோட்டாரை மறந்தேன். அடப்பாவி, நாங்கள்தானே வீட்டில் இவளை அமுக்கிக் கொன்றிருக்கிறோம் என்று தோன்றியது.

அன்று சாயந்திரம் அவள் கோட்டில் நின்றாள். கையைத் தூக்கினாள். விரல் இறுகியது. நான் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, "இன்னிக்குக் கொழம்புல உப்பே இல்லையே" என்றேன்.

மகள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். மனைவியின் மோவாய் ஏறியது.

"ஏங்க, ஊரெல்லாம் போயி குழா மாட்டுறீங்களே, நம்ம வீட்டு சமையக்கட்டுக் குழா ஒழுகுதே, அது உங்க கண்ணுக்குத் தெரியலைங்களா? உப்பு மட்டும் நாக்குக்குத் தெரிஞ்சிருச்சா?"

சதக். டார்ட் போர்டில் நின்றது. மூவரும் அதையே பார்த்தோம். மகள்தான் முதலில் அழுதாள்.

அதற்கப்புறம் எங்கள் வீடு சந்தைக்கடையாகிவிட்டது. எனக்குக் கொண்டாட்டம். தினமும் என்ன குற்றம் சொல்வதென்று வேலையிடத்திலேயே யோசித்துவைத்துக்கொள்வேன். அவளும் விடமாட்டாள். அவள் ஒரு குற்றம் சொல்லுவாள், நான் பதில் சொல்லுவேன், அந்தப் பதிலுக்கு அவள் பதிலை எடுக்கும்போது டார்ட் தானாகப் போகும். கவனியுங்கள், சும்மா அவள் மட்டும் பேசினால் போகாது. அதையும் பரீட்சித்துப் பார்த்தோம். பாட்டுப் பாடினாள், போகவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்தோம், போகவில்லை. எதிரில் ஒருத்தன் பதில் பேசவேண்டும். அந்த ஒருத்தன் நான். பக்கத்து வீட்டுக்காரி என் மகளைக் கூப்பிட்டு, "உங்கப்பா அம்மாவுக்குள்ள ஏதாவது பெரிய பிரச்சனையா கண்ணு?" என்று கேட்டிருக்கிறாள். "இல்ல ஆன்ட்டி, பிராக்டிஸ்" என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

போட்டிக்கு நாங்கள் இருவரும் கிளம்புவதற்கு முன் அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். பெட்டி கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அங்கயும் கை நின்னுச்சுன்னா, வந்ததும் அந்த போர்டைக் கழட்டிருங்க. இனிமே தொட மாட்டேன். வெறும் பார்சல் போட்டுக்கிட்டு இருந்துடறேன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் ஒன்றை விட்டால் விட்டதுதான். அன்றைக்கு மட்டும் எனக்குப் பதில் வரவில்லை.

அந்த அரங்கத்தை எப்படிச் சொல்வேன்! விமானம் நிறுத்துகிற கொட்டகை மாதிரி இருந்தது. அவ்வளவு பெரிய இடத்தின் கோடியில் ஒரு மேடை, மேடையில் ஒரு சுவர், சுவரில் சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு போர்டு. அத்தனை ஆயிரம் ஜனமும் அந்தத் தட்டைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள். போர்டுக்குப் பின்னால் மைக் வைத்திருந்தார்கள். ஒரு டார்ட் குத்துகிற சத்தம் நெஞ்சில் குத்துகிற மாதிரி அரங்கம் முழுக்கக் கேட்டது.

ஆட்டக்காரர்களைப் பார்த்து எனக்கு வாய் பிளந்துவிட்டது. மல்யுத்தக்காரர் மாதிரி ஒருவர், கையெல்லாம் பச்சை குத்தியிருந்தார். அவருக்கு எதிரில் என் தோளுக்குக்கூட வராத ஒரு பெண், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிறாள். பார்த்தால் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் மாதிரி இருந்தாள். அவள் மூன்று டார்ட் போட்டாள். மூன்றும் அதிகபட்ச எண் தருகிற அந்தத் துளியூண்டு கட்டத்துக்குள் போய் நின்றன. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. மல்யுத்தக்காரர் தலையைக் குனிந்து அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தார். உடம்பு, வயசு, ஆணா பெண்ணா எதையுமே அந்தப் போர்டு கேட்கவில்லை. எனக்குச் சிலிர்த்துவிட்டது. என் பெண்டாட்டி இந்த மேடையில் ஏறப்போகிறாளா என்று பயமும் வந்தது, கர்வமும் வந்தது. இரண்டில் எது அதிகமென்று சொல்லத் தெரியவில்லை.

மத்தியானம் அவள் பேரைச் சொன்னார்கள். பாட்டுப் போட்டு, விளக்கு சுழற்றி, மேடைக்கு அழைத்துப் போனார்கள். ஆபீஸ் சீருடையைத் தைத்த அதே தையற்காரரிடம் தைத்த சட்டை. எதிராளி ஒரு தாடிக்காரர், போன வருஷம் அரை இறுதி வரை வந்தவர். ஐந்து ஆட்டத்தில் மூன்றை ஜெயிக்கிறவர் அடுத்த சுற்றுக்குப் போகலாம்.

நான் பின்வரிசையில் இருந்தேன். கூட்டம் ஆடிப்பாடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தச் சத்தம் இவளுக்கு மழைச் சத்தம் மாதிரிதான், அதற்குப் பதில் சொல்ல முடியாதே. கோட்டில் வந்து நின்றாள், கையைத் தூக்கினாள், நின்றுவிட்டது. முன்னால், பின்னால். பெரிய திரையில் அவள் விரல்கள் வெளுத்துப்போய்த் தெரிந்தன. நான் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினேன்: "கேஸ மூடினியா? நீதான கடைசியா பூட்டுன!"

மோவாய் ஏறியது. டார்ட் போனது.

அப்புறம் நான் உட்காரவே இல்லை. "என் நீலச் சட்டையத் தொலைச்சது நீதான்!", "உன் தம்பிதான் ஸ்பேனர எடுத்துட்டுப் போனான்!" என்று அவள் முறை வரும்போதெல்லாம் கத்தினேன். முதல் ஆட்டம் அவளுக்கு. தாடிக்காரர் அசந்துபோய்த் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாவது ஆட்டம் பாதியில் ஒரு கை என் தோளில் விழுந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட காவல் பெண். கூட்டமாகக் கத்தலாமாம், பாடலாமாம், ஆனால் ஒரு ஆட்டக்காரருக்கு மட்டும் தனியாக யாரும் வழி சொல்லித்தரக் கூடாதாம். நான் ஏதோ ரகசிய பாஷையில் எங்கே போடவேண்டுமென்று சொல்லித்தருகிறேன் என்று புகார் வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், "இல்லம்மா, நான் ஸ்பேனரைப் பற்றிச் சொல்கிறேன்" என்றேன். ஸ்பேனரா என்று அவள் இன்னும் சந்தேகமாகப் பார்த்தாள். நான் திமிறினேன், கையெடுத்துக் கும்பிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது.

நீளமான தாழ்வாரம். சிற்றுண்டிக் கடை ஒன்று, அதற்கு மேல் சுவரில் ஒரு டிவி, சத்தமே இல்லாமல். அதில் என் மனைவி. மேடையில் தனியாக நிற்கிறாள். கை தூக்கியபடி நிற்கிறாள்.

இரண்டாவது ஆட்டம் போனது. மூன்றாவதும் போனது. அவள் எப்படியோ உதறி விடுகிற டார்ட் எங்கேயோ போய்க் குத்துகிறது. அவள் ஒன்றை விட எடுத்துக்கொள்கிற நேரம், தாடிக்காரருக்குத் தன் முறையில் மூன்றையும் போடப் போதும். பாவம், அந்த மனுஷர் அவசரப்படுத்தவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு அமைதியாக நின்றார். நான் அந்த டிவியைப் பார்த்து, "ஏய், இங்க பாரு! குழாய நான் மாத்தவே மாட்டேன், போ!" என்று கத்தினேன். கடைக்காரர் காபி கோப்பையோடு நின்றுவிட்டார். காவல் பெண் என் பக்கத்தில் வந்தாள். என் கன்னத்தில் தண்ணீர் வழிவதை அவள் பார்த்திருப்பாள். "மனைவி" என்று திரையைக் காட்டினேன். "கை... போகாது" என்று என் விரல்களை இறுக்கிக் காட்டினேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, நாற்காலி ஒன்றை எனக்காக இழுத்துப் போட்டாள். கதவை மட்டும் திறக்கவில்லை.

நான்காவது ஆட்டம். கேமரா அவள் முகத்துக்குக் கிட்டே போனது. போர்டைக் கழட்டிருங்க என்று அவள் சொன்னது என் காதில் கேட்டது. முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது அவள் மோவாய் ஏறியது.

உதடு அசைந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். யாரையோ நன்றாகத் திட்டுகிறாள். 'நீங்க'வோடு திட்டுகிறாள், அது எனக்கு உதட்டைப் பார்த்தாலே தெரியும். நிறுத்தினாள். ஒரு நொடி எதையோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்தாள். மறுபடி உதடு அசைந்தது, டார்ட் பறந்தது. அடுத்தது பறந்தது. அடுத்ததும். உலகம் பூராவும் டிவியில் ஒரு பெண் போர்டைப் பார்த்து முணுமுணுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

நான்காவது அவளுக்கு. ஐந்தாவதில் தாடிக்காரர் முந்திக்கொண்டு டபுளுக்கு வந்துவிட்டார், ஒரு நூலிழையில் தவறவிட்டார். இவளுக்குத் தேவை ஒரே டபுள். முதல் டார்ட் வெளியே. இரண்டாவது வெளியே. மூன்றாவதைத் தூக்கினாள். கை நின்றது. காவல் பெண் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் என் மனைவி பேசினாள், தலையைச் சாய்த்தாள், காத்திருந்தாள். பிறகு, அத்தனை மாதங்களாக நான் பார்க்காத ஒன்று நடந்தது. அவள் சிரித்தாள். சிரித்தபடியே விரல் பிரிந்தது.

சத்தமில்லாத டிவியில் ஜனமெல்லாம் எழுந்து குதிப்பது தெரிந்தது. தாடிக்காரர் அவளைக் கட்டிக்கொண்டு முதுகில் தட்டினார். அடுத்த நாள் கண்ணாடி போட்ட அந்தப் பெண்ணிடம் இவள் தோற்றாள் என்பதையும் சொல்லிவிடவேண்டும், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் தோற்ற அந்த ஆட்டத்தில் அவள் கை ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பார்த்தேன்.

ஜெயித்த அன்று, ஆட்டம் முடிந்ததும் தாழ்வாரத்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். என் கண்ணைப் பார்த்ததும், "எதுக்கு அழறீங்க? ஜெயிச்சிருக்கோம்" என்றாள்.

"நான் உள்ளயே இல்லம்மா. ரெண்டாவது ஆட்டத்துலயே என்னை வெளிய தள்ளிட்டாங்க."

அவள் என்னையும் காவல் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். "சும்மா சொல்லாதீங்க. ரெண்டு ஆட்டம் சத்தத்தையே காணோம், எங்க தொலைஞ்சீங்கன்னு திட்டினேன். உடனே பதில் சொன்னீங்க. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லிக்கிட்டேதான இருந்தீங்க?"

"கடைசியா என்ன சொன்னேன்?" என்று கேட்டேன்.

"கடைசியாவா?" அவள் முகம் மறுபடி மலர்ந்தது. "'சரிம்மா, நீ சொல்றதுதான் சரி'ன்னீங்க. இத்தனை வருஷத்துல மொதத் தடவையா உங்க வாயில இருந்து அந்த வார்த்தை. சிரிப்பு வந்துருச்சு. கை தானா விட்டுருச்சு."

எதற்கு அப்படிச் சொன்னேன், எந்தச் சண்டையில் அவள் சொன்னது சரி என்றெல்லாம் நான் கேட்கவில்லை.

"ஆமா" என்றேன். "சொன்னேன்."